பருவம் தப்பிய இலைகள்

"கொட்டுதும்மா. நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒரேயடியாக் கொட்டுது. வேணும்னா வந்து அள்ளிக்கிட்டுப் போ" என்று மாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"இப்ப எப்படிண்ணே கொட்டும்? இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."

"மரத்துக்கு யாரு காலண்டர் மாட்டி வச்சிருக்கா? கூட்டுறவ வர்றதுக்குள்ள வந்தா உனக்கு. அவ வந்துட்டா குப்பை வண்டிக்கு."

வாதாம் மரம் வருஷத்துக்கு இரண்டு தடவை இலை சிவந்து உதிர்க்கும். அந்த இலைதான் அவர்கள் வீட்டுக்குச் சோறு. காய்ந்த இலையைக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் இரண்டு நாளில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். ஓடையிலும் சேற்றிலும் பிறந்த ஜாதி மீன்களுக்கு அந்தத் தண்ணீரில்தான் உடம்பு தேறும். செதில் புண் ஆறும், முட்டையில் பூசணம் ஏறாது. மீன் வளர்க்கிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். இலையோடு சவுக்குக் காய், மஹாகனிக் காய் ஓடு, தாமரைக் காய் என்று அவரவர் மீனுக்கு ஏற்ற மாதிரி கேட்பார்கள். அதையெல்லாம் மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, வேகவைத்து, காய வைத்துக் கொடுக்க வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு என்ன, இலை பொறுக்குகிற வேலைதானே என்று இருக்கும். "குப்பை அள்றது ஒரு தொழிலா?" என்று அவளுடைய சொந்தத் தங்கையே கேட்டிருக்கிறாள். ஆனால் இந்தக் குப்பைக்கு ஆயிரம் சட்டம் உண்டு. கிளையிலிருந்து பறிக்கவே கூடாது, தானாக விழுந்ததை மட்டும்தான் எடுக்க வேண்டும். பறித்த இலையில் பச்சைச் சாறு நிற்கும், அது தண்ணீரைக் கெடுக்கும். பஸ் ஓடுகிற சாலையோரத்து இலை ஆகாது. பறவை எச்சம் பட்டது ஆகாது. பூச்சி மருந்து அடிக்கிற தோட்டம் இருக்கிற திசைக்கே போகக் கூடாது.

இத்தனை சட்டத்தையும் தாண்டி வருகிற மூட்டை கடைசியில் அவள் புருஷனின் மூக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். ஊரில் எல்லாரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை வாயை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஒரு இழுப்பு. அவ்வளவுதான். ஒரு தடவை, "இந்த மரத்தடியில எவனோ பிரஷ் கழுவியிருக்கான்" என்று நிறை மூட்டையை அப்படியே கொட்டச் சொல்லிவிட்டார். அவள் சண்டை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மரத்தடி மண்ணில் பச்சைப் பெயிண்ட் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த மூக்கோடு வழக்குக்குப் போனதில்லை.

அந்த மூக்கர்தான் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தார். காய்ச்சல் பத்து நாளில் விட்டுவிட்டது. ஆனால் மனுஷன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான்.

"ஏங்க, டாக்டர்தான் சரியாப் போச்சுன்னுட்டாரே. கொஞ்சம் எழுந்து வெளியில காத்தாட உக்காருங்களேன்."

"உக்காந்து என்ன பண்ணப் போறேன்?"

"கஞ்சியில உப்பு பத்துதா?"

"ம்."

"மறந்துபோய் உப்பே போடல நான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் போலிருக்கிறது என்று அவள் உப்பு டப்பாவைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தாள்.

வீட்டில் இலையும் இல்லை. பரணில் இருந்த கடைசிக் கட்டும் போய்விட்டது. மீன்காரத் தம்பி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். சண்டை மீன் வளர்க்கிற பையன். பையன் என்றால் அவளுக்குத்தான் பையன், முப்பத்தைந்து வயதுக்கு மேலே இருக்கும். கத்தரிப்பூ நிறத்தில், வாலில் வெள்ளைக் கோடு ஓடுகிற ஒரு வகையைப் பதினோரு வருஷமாக ஜோடி சேர்த்து, கழித்து, மறுபடி ஜோடி சேர்த்து உண்டாக்கி வைத்திருந்தான். "அக்கா, தாய் மீனெல்லாம் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குதுக்கா. இலை இல்லாம விட்டா முட்டை தங்காது. ஒரு கட்டு, ஒரே ஒரு கட்டு" என்று வாசலில் நின்று கெஞ்சினான். அவளுக்கு அது பிரசவத்துக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அதனால்தான் நம்பாமலே மூன்று சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு வெளிச்சம் வரும்போதே கிளம்பினாள்.

வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை. குடியிருப்பின் பின்பக்கம் கார் நிறுத்துகிற இடம் முழுக்க இலை. காலை வைக்க இடமில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். பெரிய பெரிய இலைகள், கிழிசல் இல்லை, புழுத்துளை இல்லை. நிறம்தான் என்னவோ போல் இருந்தது. சிவப்பு இல்லை. பாதி பச்சை, பாதி மஞ்சள், விளிம்பெல்லாம் தீயில் காட்டியது போலப் பழுப்பு.

"பாத்தியா, சொன்னேன்ல" என்றான் வாட்ச்மேன், டீ டம்ளரை ஆட்டிக்கொண்டே. "இன்னும் கொட்டும். எல்லாம் கொட்டிடும். இன்னும் ஒரு வாரம்தான்."

"அதென்னண்ணே ஒரு வாரம்னு கணக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் கதவு திறந்து மூடுறவன்." அவன் சிரித்துவிட்டு, தூக்கிக்கொண்டு நிற்கிற சிமெண்டுத் தரையைக் காலால் தட்டினான். "வேரு தரையையெல்லாம் தூக்குதாம். மேல் வீட்டுக்காரங்க ஒரே சத்தம்."

மூன்றாவது சாக்கு நிரம்பியபோது அவள் இடுப்பை நிமிர்த்த அடிமரத்தில் கையை ஊன்றினாள். முழங்கால் உயரத்தில் மூன்று துளைகள். விரல் நுழைகிற அளவு. வரிசையாகத் துளைத்து, மெழுகு வைத்து அடைத்திருந்தது. ஒரு துளையிலிருந்து ஏதோ வழிந்து பட்டை கறுத்திருந்தது.

அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. நன்றாகவே பார்த்தாள். 'ஒயர் கட்ட ஆணி அடிச்சிருப்பாங்க' என்று மனசு ஒரு பதிலைச் சொன்னது. மெழுகு எதற்கு என்று இன்னொரு கேள்வி வந்தது. அதற்குள் சாக்கைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். 'மூக்குதான் வீட்டுல இருக்கே. ஆகாதுன்னா அது சொல்லிட்டுப் போகுது.'

ஆட்டோவில் மூன்று சாக்கும் வந்து இறங்கிய சத்தத்துக்கு மூக்கர் தலையைத் தூக்கினார்.

"என்னது?"

"இலைங்க. மூணு சாக்கு! பருவமில்லாத பருவத்துல மூணு சாக்கு!" அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "எழுந்து வாங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் பிரிக்கணும்."

அவர் எழுந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு தானாக, கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து சாக்கின் முன்னால் உட்கார்ந்தார். அந்த நிமிஷத்தில் துளையும் மெழுகும் அவள் நாக்கு நுனிவரை வந்தன. சொன்னால் அவர் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார், தள்ளிவிட்டுத் திரும்பப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவள் சொல்லவில்லை.

அவர் சாக்குக்குள் முகத்தை விட்டார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. வழக்கமாக ஒன்றுதான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல இலை" என்றார்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

அடுத்த ஒரு வாரம் வீடு பழையபடி வீடாக இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் காலையிலேயே வந்துவிடுவாள். இரண்டு பேருமாக ஒவ்வொரு இலையையும் பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் முன்னும் பின்னும் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, காம்பில் நூல் கோத்துக் கூடத்துக்குக் குறுக்கே கட்டுவார்கள். வெயிலில் போட்டால் அப்பளமாகச் சுருண்டு நொறுங்கிவிடும். நிழலில், காற்றில்தான் காய வேண்டும். பாதி காய்ந்ததும் இறக்கி, பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டே நடக்க வேண்டும்.

"இந்த வீட்டுக்கு வர்றவங்கல்லாம் மரியாதையா குனிஞ்சுதான் வரணும்" என்றாள் நாத்தனார். வாய் ஓயாதவள். "ஆனா அண்ணி, இந்த இலை ஒண்ணும் சிவக்கவே இல்லையே. பச்சையிலயே உதிர்ந்திருக்கு பாருங்க. மரத்துக்கும் அண்ணனுக்கு வந்த காய்ச்சல்தான் போலிருக்கு."

"உங்கண்ணன் பாத்துட்டாரு. நல்ல இலைன்னுட்டாரு."

"அப்ப சரி. அவர் மூக்குக்கு மேல ஏது கோர்ட்டு?"

மூக்கர் சிரிக்கவில்லை. இலைகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டினார். முதல் கட்டு மீன்காரத் தம்பிக்குப் போனது.

ஒன்பதாம் நாள் காலையில் அவன் வந்தான். வண்டியை நிறுத்தத் தெரியாமல் நிறுத்தினான், அது சாய்ந்து விழுந்தது. தூக்கவில்லை. வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன தம்பி, முட்டை பொரிச்சுதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"எல்லாம் போச்சுக்கா."

"என்னது போச்சு?"

"தாய் மீன் பதினாலுல பதினொண்ணு போச்சு. ஆண் மீன் ஒண்ணுகூட இல்லை. முந்தாநேத்துலேர்ந்து மேல மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுங்க. நேத்து நிறம் வெளுத்துப் போச்சு. இன்னிக்குக் காலையில பாத்தா..." அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான், மீன் மல்லாந்து மிதக்கிற மாதிரி. "பதினோரு வருஷம்க்கா. என் பொண்ணைவிடப் பெரிய வயசு அந்த வம்சத்துக்கு."

நாத்தனார்தான் கேட்டாள். "எப்படித் தம்பி? கண்ணு பட்டுடுச்சா?"

"நான்தான் கொன்னுட்டேன். குழாய்த் தண்ணியை ஒரு நாள் ஆறவைக்காம ஊத்திட்டேன்னு நினைக்கிறேன். ஊத்தலையா, ஊத்தினேனா, அதுகூட ஞாபகமில்லை. அவசரத்துல ஊத்தியிருப்பேன். வேற எப்படிச் சாகும்? உங்க இலை போட்டிருக்கேன், தண்ணி அருமையா நிறம் வந்திருக்கு. அப்படியும் சாகுதுன்னா என் கைதான் சரியில்லை." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "மீதி மூணு தாய் உசிரோட இருக்கு. தனித்தனியா ஜாடியில விட்டிருக்கேன். போனதடவை வாங்கினது தீர்ந்து போச்சு. இன்னொரு கட்டு குடுங்கக்கா. கொஞ்சம் தூக்கலாவே இலை போட்டு வச்சா தேறிடும்னு ஒரு நம்பிக்கை."

அவள் மூக்கரைப் பார்த்தாள். மூக்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்துத் தூசி தட்டி நீட்டினாள். "இந்தா தம்பி. நல்ல பெருசாப் பாத்து எடுத்திருக்கேன். ஒண்ணும் ஆகாது, போ."

அவன் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

நாத்தனார் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து தன் வீட்டுக்கு ஓடினாள். மூக்கர் மெல்ல எழுந்து, கூடத்தில் குறுக்கே கட்டியிருந்த நூலை ஒரு முனையில் அவிழ்த்தார். இலைகள் சரசரவென்று தரையில் சரிந்தன.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"போதும். இனிமே இந்தத் தொழில் வேணாம்."

"அவன்தான் தண்ணின்னு சொல்றானே."

"தண்ணி இல்ல. அவன் அப்படி ஊத்துறவன் இல்ல. இலைதான்." இரண்டாவது முனையையும் அவிழ்த்தார். "என் மூக்கு போச்சு. அவ்வளவுதான். மூக்கு போனவன் எதுக்கு மூட்டைக்கு முன்னாடி உக்காரணும்?"

அவிழ்த்த நூலைக் கையில் சுருட்ட ஆரம்பித்தார். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்லை. நான்தான்" என்றாள்.

"என்ன நீதான்?"

"மரத்துல ஓட்டை இருந்துச்சுங்க. மூணு ஓட்டை. மெழுகு வச்சு அடைச்சிருந்துச்சு. அடியில கறுப்பா வழிஞ்சிருந்துச்சு. வேரு தரையைத் தூக்குதுன்னு வாட்ச்மேன் வேற சொன்னான். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அள்ளினேன்."

மூக்கர் கீழே விழுந்த இலைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மருந்து ஊத்தி மரத்தைக் கொன்னிருக்கானுங்க" என்றார் மெதுவாக. "சாகுற மரம் இலையை உதறும். அதைத்தான் நாம பருவம்னு அள்ளிக்கிட்டு வந்திருக்கோம்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க எழுந்து வந்தீங்க." அவள் இலைகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "ஒரு மாசமா எழுந்திருக்காத மனுஷன் எழுந்து வந்தீங்க. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தீங்க. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? எப்படியும் உங்க மூக்கு கண்டுபிடிச்சுடும்னு விட்டுட்டேன். நீங்க நல்ல இலைன்னு சொன்னதும், அப்ப நான்தான் தப்பா நினைச்சுட்டேன்னு..."

"எனக்கு எதுவும் மணக்கல."

"அன்னிக்கா?"

"அன்னிக்கில்லை. காய்ச்சல் விட்ட நாள்லேர்ந்து. இலை, கஞ்சி, சோப்பு, நீ தலைக்கு வைக்கிற எண்ணெய், எதுவுமே. கல்லை மோந்து பாக்குற மாதிரி இருக்கு."

அவள் அவரையே பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட?"

"கேட்டேன். வரும்னாரு. வராமலும் போகும்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? மூக்கருக்கு மூக்கு இல்லைன்னா பாக்கி என்ன இருக்கு? அதான் படுத்துக்கிட்டேன்."

"அப்ப அன்னிக்குச் சாக்குல முகத்தை விட்டீங்களே. நல்ல இலைன்னீங்களே?"

"மோந்தேன். ஒண்ணும் வரலை. மறுபடி மோந்தேன். அப்புறம் உன் முகத்தைப் பாத்தேன்." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷமா என்கூட இலை அள்றவ. இலை கெட்டிருந்தா உன் முகத்துல தெரியும்னு நினைச்சேன். உன் முகம் பூரிச்சுப் போயிருந்துச்சு. அதை வச்சுத்தான் சொன்னேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் இலைகள் கிடந்தன. அவர் எழுந்து வந்ததற்காக அவள் முகம் மலர்ந்தது. அவள் முகம் மலர்ந்ததற்காக அவர் இலையை நல்லது என்றார்.

முதலில் சுதாரித்தவர் அவர்தான். "அடியே, அவன் கட்டை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். தூக்கலாப் போடுறேன்னானே!"

போன் அடித்தார்கள். அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். மீன் அறைக்குள் போனால் அவன் போனை வெளியில் வைத்துவிட்டுப் போகிறவன், சத்தத்துக்கு மீன் மிரளும் என்பான். இரண்டு பேரும் கதவைக்கூடச் சாத்தாமல் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒரு மாதம் படுத்த உடம்பு, மூக்கர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். "நீ போ, நீ முன்னாடி போ" என்று கையால் விரட்டினார். அவள் போகவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள்.

மீன்காரத் தம்பியின் அறை அவன் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் துடித்த ஜாடிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் பக்கம் மூன்று ஜாடியில் மட்டும் தண்ணீர். மூன்றிலும் இலை. இளம்பழுப்பு நிறம் ஒரு புகை மாதிரி அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றும் சொல்லாமல் கையை ஜாடிக்குள் விட்டு இலையை உருவினாள்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க? இப்பத்தான் போட்டேன்!"

"எடுத்துடு தம்பி. எல்லாத்தையும் எடுத்துடு. வேற தண்ணிக்கு மாத்து. தண்ணி இல்லை தம்பி காரணம், என் இலை. விஷம் வச்ச மரத்து இலை. அடிமரத்துல ஓட்டை போட்டு மருந்து ஊத்தியிருந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அள்ளினேன்."

"அவ மேல இல்லப்பா" என்றார் மூக்கர், வாசலைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் பாத்துப் பாஸ் பண்ணினேன். எனக்கு மூக்கே இல்லை. ஒரு மாசமா இல்லை. அதைச் சொல்லாம உக்காந்து மோந்தேன்."

"இல்ல தம்பி, நான்..."

"நீ சும்மா இரு. நான்..."

மீன்காரத் தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சின்ன வலையை எடுத்து, முதல் மீனை அள்ளி ஆறின தண்ணீர் வாளியில் விட்டான். இரண்டாவதை விட்டான். மூன்றாவது ஜாடியில் வலை உள்ளே போனபோது மீன் வலையை விட்டு விலகவில்லை. விலகத் தெரியாமல், வலை எடுத்த திசைக்கு வந்தது. அவன் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். கத்தரிப்பூ நிறம் வாலில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஒத்துக்கிறீங்க" என்றான். "மீனுக்கு யாரா இருந்தா என்ன?"

"தம்பி..."

"காலையில நான் வாசல்ல உக்காந்திருந்தேனே. என் கைதான் சரியில்லைன்னு அழுதேனே. அப்பவும் ரெண்டு பேரும் அங்கதானே இருந்தீங்க? அப்பச் சொல்லியிருந்தா இந்த ஒண்ணாவது இருந்திருக்கும்ல?"

வாளியில் இரண்டு மீன்கள் அடியில் போய் அசையாமல் நின்றன. அவள் குனிந்து பார்க்கப் போனாள்.

"வேணாம். தொடாதீங்க" என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "போங்க. பொழைச்சா பொழைக்கட்டும், போனா போகட்டும். நான் பாத்துக்கிறேன். இலை இனிமே வேணாம்."

எப்போதும் வாக்கியத்துக்கு ஒரு அக்கா வைத்துப் பேசுகிறவன். அந்த வாக்கியங்களில் அக்கா இல்லை.

படி இறங்கும்போது மூக்கர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இவர்கள் வந்ததும் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நிழலில் நின்றுகொண்டாள். மூக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைக் காலரை இழுத்து முகத்தருகே கொண்டுபோனார். விட்டுவிட்டார்.

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

"கேளுங்க."

"என் மேல நாத்தம் அடிக்குதா? ஒரு மாசமா எனக்குத் தெரியல. யாரு பக்கத்துல வந்தாலும் அதே நினைப்பா இருக்கு. உன்கிட்ட கேக்கப் பயம்."

அவள் அவர் பக்கம் சாய்ந்து, தோளில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். நாலு நாள் சட்டை. மருந்து, வேர்வை, ஓடிவந்த உடம்பின் புளிப்பு.

"அடிக்குது" என்றாள்.

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவர் ஏறத் தயங்கினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஏறினாள்.